வலி நின்றுபோன பல்

சுகாதாரப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் அரை மணி நேரம் பேசும்படி நர்ஸம்மா கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்து முடிக்கும்வரை நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் ஊசி, மாத்திரை, நோயாளிப் பதிவேடு எல்லாமே என் கையில்தான். வேலையின் பெயர் டிரஸ்ஸர். தோட்டத்தில் என் பெயர் யாருக்கும் நினைவில்லை, டிரஸ்ஸரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

பிரஷர் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு வாடையைப் பற்றி. அந்த வாடை வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பற்றி.

எங்கள் தோட்டத்தில் மற்ற மலைகளுக்கெல்லாம் கொழுந்து வெட்டும் கத்தரி வந்துவிட்டது. ஏழாம் நம்பர் மலை மட்டும் செங்குத்து என்பதால் அங்கே இன்றும் கையால்தான் கொழுந்து கிள்ளுகிறார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செடி வரிசை உண்டு. சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அதை நிரை என்பார்கள், இப்போது எல்லோருக்குமே அது நிரைதான். கடைசி நிரைக்கு அப்பால் செடி கிடையாது. சோலைக்காடு தொடங்கிவிடும்.

மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்பவளின் முகம் தெரியாது. அவள் கொழுந்து கிள்ளும் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்கும். ஆள் இருக்கிறாள் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். கடைசி நிரையில் நிற்பவளுக்கு அது ஒரு பக்கத்திலிருந்துதான் கேட்க வேண்டும். பாக்கியம் என்ற பெண் தனக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது என்றாள்.

சொன்ன வருஷமே பாக்கியம் இறந்துபோனாள். நாலு மாதம் விட்டு விட்டுக் காய்ச்சல். ஒரு காலையில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஜீப் பந்தலூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது. உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் அவள் நகங்களுக்கு அடியில் மெல்லிய கோடுகளைப் பார்த்திருக்கிறார்கள். முள் குத்தி உள்ளேயே முறிந்த மாதிரி. ஆனால் முள் ஏறிய இடம் எங்கேயும் இல்லை.

அதன் பிறகு மூன்று மழைக்காலம் அந்த நிரையில் யாரும் தனியாக நிற்கவில்லை. கூடலூர்ப் பக்கமிருந்து தங்கேஸ்வரி கல்யாணமாகி வந்தாள். புருஷன் சிவலிங்கம் ஃபாக்டரியில் வேலை செய்தான். "செடி செடிதானே" என்று சொல்லிவிட்டு அவள் கடைசி நிரையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது மழைக்காலத்தில் அவள் என் அறைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலு மணியானா நடுக்கம் வருதுங்கய்யா. மூடுபனி ஏறி வர்ற நேரம்."

"இருமல், சளி?"

"இல்லங்க."

"வயித்தால போகுதா?"

"அதுவும் இல்ல."

பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். துணியைத் தாண்டியும் வாடை வந்தது. மழையில் நனைந்த கொழுந்தை மூட்டையிலேயே விட்டுவிட்டால் உள்ளே சூடேறி ஒரு வாடை வருமே, அதுபோல. எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு பெண்பிள்ளையிடம் உன் வாய் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? ஜன்னல் பக்கம் திரும்பி அலமாரியைத் திறந்தேன். கிருமியைக் கொல்லும் ஐந்து நாள் மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்தேன். டாக்டர் வந்ததும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம்.

காய்ச்சல் நின்றது. மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் திரும்பி வந்தது. இன்னொரு அட்டை கொடுத்தேன். நின்றது. மூன்றாம் நாள் வந்தது.

இதற்கு நடுவில் ஒரு புதன்கிழமை பல் முகாம் போட்டார்கள். குழந்தைகள் காப்பகத்தில் மேசை போட்டு ஓர் இளம் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். தங்கேஸ்வரி வரவில்லை. சாயங்காலம் பெட்டி கட்டும்போது அவர் கேட்டார்.

"அண்ணா, விட்டு விட்டு காய்ச்சல் வர்றவங்க இங்க இருக்காங்களா?"

"மழைக்காலமுங்க மேடம். இருப்பாங்க."

"அப்படி வந்தா வாயைப் பாருங்கண்ணா. ஈறுல இருக்கிற கிருமி ரத்தத்துல இறங்கும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சின்ன வயசுல இதயத்துல தழும்பு விழுந்தவங்களா இருந்தா அங்க போய் ஒட்டிக்கும். அங்கயே வளரும். சில பேருக்கு நகத்தடியில கோடு கோடா தெரியும்."

"இங்க எல்லா நகமும் கருப்புத்தானுங்க. கொழுந்துக் கறை."

"அப்ப கழுவிட்டுப் பாருங்க" என்று சிரித்தார். "வந்ததுக்கு உங்க பல்லையும் காட்டுங்களேன்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லும்போதே என் கை வாய்க்கு முன்னால் போய்விட்டது. கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்று எனக்குப் பல வருஷம் வலித்தது. ஆஸ்பத்திரிக் கிராம்பு எண்ணெயில் பாதி அதற்கே போனது. பிறகு ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது. நின்ற வலியைப் பற்றி டாக்டரிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது அட்டையும் முடிந்தது. தங்கேஸ்வரி வேலைக்குப் போகாமல் மூன்று வாரமாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சிவலிங்கம் வந்து என் அறை வாசலில் நின்றான்.

"மறுபடியும் வந்திருச்சுங்க. அம்மா பூசாரிய வரச் சொல்லிட்டாங்க. நாலு மணிக்கு ஏழாம் நம்பர்ல வச்சு, சோலைக்குள்ள நிக்கிறவளுக்கு நிரைய திருப்பிக் குடுக்கணுமாம். தீச்சட்டி ஏந்தி மூணு தடவ அடியிலருந்து உச்சி வரைக்கும் நடக்கணும். காலையில இருந்து பச்சத்தண்ணி குடுக்கல."

ஏழாம் நம்பர் மலை வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். நாலாவது அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவனோடு போனேன்.

தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். உள்ளே தங்கேஸ்வரி சுவரில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். பக்கத்தில் அவள் மாமியார். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர், பேச்சு இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான்.

"வாங்க டிரஸ்ஸரய்யா. ஒங்க மாத்திரைக்கு அடங்கிற சாதி இல்ல இது."

"காய்ச்சல் எப்ப வந்துச்சுங்க?"

"என்னைய ஏன் கேக்கிறிங்க? மாத்திர முடிஞ்சு மூணாம் நாள். மூணு தடவையும் மூணாம் நாள். காய்ச்சலுக்கு நாள் எண்ணத் தெரியுமா? வெளிய நிக்கிறவளுக்குத்தான் தெரியும்."

பதிவேட்டில் அதே நாட்களை நானும் பார்த்திருந்தேன். அவர் வாயால் கேட்டபோது, ஏதோ ஒன்று என் மாத்திரை தீரும்வரை வெளியே காத்திருந்து, தீர்ந்ததும் உள்ளே வருவது மாதிரித்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த டாக்டரம்மா நகத்தைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. தங்கேஸ்வரியின் கையை வாங்கிப் பார்த்தேன். மூன்று வாரம் ஆகியும் நகங்களில் கறை போகவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. எடுத்தேன்.

"அதத் தொடாதிங்க. மந்திரிச்ச பழம்."

"கறை போகோணுமுங்க. கல்யாணத்துக்குப் போறப்ப நீங்களே இதைத்தானே தேய்ப்பீங்க? ஊட்டுல வேற பழம் இருக்குதுங்களா?"

"இல்ல. அத வெட்டினா கட்டு அவுந்திரும்."

நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகியவன் இல்லை. அன்றும் பேசவில்லை. கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்துப் பழத்தை இரண்டாக வெட்டினேன். வாசலில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. கட்டை விரல் நகத்தில் தேய்த்தேன். கறை கரைந்து நகம் வெளுத்தது. அடியில் மூன்று கோடுகள் தெரிந்தன. செம்பழுப்பு நிறத்தில், மயிர் பருமனில், நகத்தின் நீளவாட்டில். மோதிர விரலில் இரண்டு. மறுபடியும் தேய்த்தேன். கறை போனது, கோடு போகவில்லை.

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாக்கியத்துக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி. நாந்தான் அவளக் குளிப்பாட்டினன்." பிறகு மகனைப் பார்த்தார். "பாத்தியா. வெளிய நிக்கிறவதான் கீறி வச்சிட்டா."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி வந்து சொல்ல வேண்டியதை நானே செய்து காட்டிவிட்டேன்.

"தங்கேஸ்வரி, வாயைத் திறங்க" என்றேன்.

முந்தானை இன்னும் இறுகியது. "வேணாங்கய்யா."

"ஏனுங்க?"

"நாறும்." எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குந்தான் நாறும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் காய்ச்சலிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. துணியை இறக்கினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இரண்டு கடைவாய்ப்பற்கள் ஓடாக நின்றன. சுற்றிலும் ஈறு வீங்கியிருந்தது, கட்டுத்துணி பட்டதுமே ரத்தமும் சீழும் வந்தன.

"இது வலிக்கலியா?"

"மாசி மாசத்துல உயிர் போச்சுங்கய்யா. பொகையில வச்சேன். அப்பறம் தானா நின்னுபோச்சு."

அந்த வாடைக்கு இவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை போனதில்லை. ஆனால் அதை முன்பே அறிவேன். தங்கேஸ்வரிக்கு முன்பே. அதே பெஞ்சில் பாக்கியமும் இப்படித்தான் துணியால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அவளுக்கும் அட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் நின்றது ஒரே நிரை என்றுதான் ஊரே பேசியது. இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தது ஒரே பெஞ்ச், மாத்திரை கொடுத்தது ஒரே கை. அதை யாரும் பேசவில்லை.

வெளியே வந்து டாக்டரம்மா கொடுத்த சீட்டில் இருந்த நம்பரைப் போட்டேன். மூடுபனி இறங்கியிருந்தது, டவர் இல்லை. மணி ஒன்றரை.

சிவலிங்கம் பின்னாலேயே வந்தான். "ஏனுங்க டிரஸ்ஸரய்யா, பூசைய முடிச்சிட்டு நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாமா? ஒரு ராத்திரிதானே?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது அந்த அம்மா பெட்டி கட்டும்போது சொன்ன நாலு வார்த்தை. தவறாக இருந்தால் பூசையைக் கெடுத்தவன் என்ற பெயரோடு அந்தத் தோட்டத்தில் இருக்க முடியாது. சரியாக இருந்தால் அவள் அந்த மலையில் மூன்றாவது தடவை ஏறமாட்டாள். பையில் நாலாவது அட்டை இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் அன்று யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாசல்படியில் நின்று இருபது பேர் முன்னால் பேசினேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"பாக்கியத்துக்கும் இந்த மாத்திரையத்தான் குடுத்தேனுங்க. அவங்க வாய்லயும் இதே வாடை வந்துச்சு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். மாத்திரை போட்டா கிருமி கொஞ்சம் சாகும், மிச்சம் பதுங்கும். தீர்ந்ததும் மறுபடி எந்திரிக்கும். மூணாம் நாள் கணக்கு பேயோடது இல்லீங்க. நான் குடுத்த அட்டையோடது. இவங்க வாயை இன்னிக்கு நான் பார்த்துட்டேன். பாக்கியத்தோட வாயை நான் பாக்கவே இல்ல."

மாமியார் உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களயா இத்தன வருசம் நம்பினம்" என்றார்.

"ஆமாங்க."

அவர் எழுந்து கொடியில் கிடந்த கம்பளியை எடுத்து மருமகள் தோளில் போட்டார். "எழும்பு. போவம். பூசாரி நாளைக்கும் இருப்பான்." வெட்டின பழத்தின் மறுபாதியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஃபாக்டரி ஜீப்பில் போனோம். வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதை வெட்டி எடுக்கும்வரை வண்டியை நிறுத்தினார்கள். வெட்டுகிறவர்கள் கயிறு கொண்டுவரப் போயிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளையாக மூடியிருந்தது. ஓர் ஓசை இல்லை.

"கேக்குதுங்கய்யா" என்றாள் தங்கேஸ்வரி.

"என்னது?"

"கொழுந்து கிள்றது. நிரையிலதான் கேக்கும்னு நெனச்சேன். இங்கயும் வந்திருச்சு."

மாமியார் அவள் கையை இறுகப் பிடித்தார். நான் மறுகையை வாங்கி நாடியில் விரல் வைத்தேன், என்ன செய்வதென்று தெரியாமல்தான். "எப்படிக் கேக்குது, சொல்லுங்க" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "டக். டக். டக்."

அவள் ஒவ்வொரு முறை சொன்னபோதும் என் விரலுக்கடியில் ரத்தம் துள்ளியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று. பையிலிருந்த அட்டையைக் கொடுத்தேன். எத்தனை தடவை கொடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. அரைகுறையாக மருந்து கொடுத்ததால் ரத்தத்தில் கிருமி எளிதில் பிடிபடாது, தேட நாளாகும் என்றார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று அவளிடம் கேட்டார். வந்தது என்றாள். அதில் விழுந்த தழும்பில்தான் வாயிலிருந்து போன கிருமி ஒட்டியிருந்தது. ஓடைக்கல்லில் பாசி பிடிப்பது மாதிரி என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்றார். பாக்கியத்துக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் ஊசி. பல்லைக்கூட மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எடுத்தார்கள். அவள் பிழைத்தாள். மலை ஏறக் கூடாது என்று சொன்னதால் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். பூசாரிக்கும் ஒரு நாள் கொடுத்தார்கள். மாமியாரே தீச்சட்டியை ஏந்தி மலை ஏறி இறங்கினார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும், காலில் அட்டை கடித்து வந்தால்கூட, வாயைத் திறக்கச் சொன்னேன். ஸ்டோர் வாட்ச்மேன் ஒருவருக்கு எத்தனை மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. "சர்க்கரைக்கு வந்தா பல்லை எண்றீங்க, பல்லுக்கு வந்தா எதை எண்ணுவீங்க?" என்று கேலி செய்தார். ஈறு முழுக்கச் சீழ். அதைச் சரி செய்த பிறகு சர்க்கரை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. உங்களையும் கேலி செய்வார்கள். கேட்பதற்கு உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். உங்கள் கூச்சத்தைவிட அவர்கள் கூச்சம் பெரியது. அதனால் முதலில் நீங்கள்தான் கேட்க வேண்டும். வலி நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நிம்மதியாகப் பேனாவை மூடிவிடாதீர்கள். மாத்திரை அட்டை இருக்கிறதே என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் தங்கேஸ்வரி குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது வாயை மூடுவதில்லை. சிரித்தால் இரண்டு இடைவெளி தெரியும்.

"டிரஸ்ஸரய்யா, அந்தச் சத்தம் எனக்கு நின்னுபோச்சு. அது என் நெஞ்சு சத்தந்தான்னு டாக்டர் சொன்னாரு. நீங்க அந்த நிரைக்குப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

போனதில்லை. அன்று மத்தியானம் போனேன். பெண்கள் எல்லாம் கொழுந்து நிறுக்கக் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். கடைசி நிரையில் செடிகள் இடுப்பளவு நின்றன. மூடுபனி சோலையிலிருந்து மெல்ல இறங்கி வந்து முதலில் மரங்களை மறைத்தது, பிறகு என் கைகளை. அசையாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்டது. சோலைப் பக்கமிருந்து. டக், டக்.

நாடியில் விரல் வைத்துப் பார்த்தேன். சத்தமும் நாடியும் சேர்ந்தே போயின. எந்த மனிதனுக்கும் அந்த அமைதியில் தன் நெஞ்சு கேட்கும், மரத்திலிருந்து தண்ணீரும் சொட்டியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு தானாகப் போய் அந்தக் கடைவாய்ப்பல்லைத் தொட்டது. வலிக்கவில்லை. பல வருஷமாக வலிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கூடலூர் போனேன். சீட்டில் இருந்த நம்பருக்குப் பேசி, அந்த டாக்டரம்மா இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டேன். நாற்காலியில் சாய்ந்ததும் கை பழையபடி வாய்க்குப் போனது. இறக்கினேன்.

"ஏனுங்க மேடம், கொஞ்சம் இதைப் பாருங்க."

அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வலி நின்னு எத்தனை வருஷம் ஆச்சுண்ணா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் வலது கையை எடுத்து, நகங்களை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.